என் முழங்கை உயரத்துக்கு ஒரு ஸ்டாண்டு

முதலில் ஒரு திருத்தம். நான் உங்கள் லேத்துக்குக் கோவில் கட்டுகிறேன் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். தொடங்கி வைத்தது உங்கள் தங்கை. உறவில் ஒரு வீடு விடாமல் போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள்: "அண்ணன் போனதுலருந்து அண்ணிக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சி. இரும்புல பீடம் கட்டி, அதுமேல மிஷினை ஏத்தி, மாலை போட்டுக் கும்புடப் போறாங்க." இதில் ஒரு சொல்லும் உண்மையில்லை. அது பீடம் இல்லை, ஸ்டாண்டு. சுற்றுகிற மிஷினுக்கு மாலை போட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கக்கூடத் தெரியாதவர்களின் பேச்சு இது. கும்பிடவும் போவதில்லை. வேலை செய்யப் போகிறேன்.

இதை எழுதும்போது என் விரல்களில் ஸ்டாண்டுக்கு அடித்த ரெட் ஆக்சைடு பெயிண்ட் வாசனை வீசுகிறது. தின்னர் போட்டுத் துடைத்தும் நகக்கண்ணில் செம்மண் நிறம் போகவில்லை. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு கொட்டகையிலிருந்து இந்த மாதிரி வாசனை வீட்டுக்குள் வருவது இப்போதுதான். வந்ததும் உங்கள் முகம் நினைவுக்கு வரவில்லை. நமக்குள் முடியாமல் நின்றுபோன சண்டைதான் நினைவுக்கு வந்தது. சண்டையே இந்த ஸ்டாண்டைப் பற்றியதுதான். அதை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ராணிப்பேட்டையில் மூடப்போகிற ஒரு பட்டறையிலிருந்து, இரும்பு கடையும் அந்த லேத்தை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். எங்கே வைப்பது என்று யாரையும் கேட்கவில்லை. கொட்டகையில் உங்கள் அப்பாவின் பட்டுத்தறியைப் பிரித்த இடத்தில் தறிக்குழி அப்படியே இருந்தது. குழிக்கு முன்னால் அதே தறியின் இரண்டு மரங்களைத் தரையில் கிடத்தி, அவற்றின்மேல் லேத்தை ஏற்றினீர்கள். பிறகு குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்துகொண்டீர்கள். தறியில் உட்காருவது போலவே. எல்லோரும் நின்றுகொண்டு ஓட்டுகிற மிஷினைக் குழியில் காலைத் தொங்கவிட்டு ஓட்டியவர் நீங்கள் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

"இதுல மிதிக்கிறதுக்கு என்ன இருக்கு? காலை எதுக்கு உள்ளே விட்டிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"கால் குழியில இருந்தாதான் கை நிக்கும்" என்றீர்கள்.

தறியில் வளர்ந்த கை, எல்லாவற்றையும் தறியாகவே நினைத்தது. ஆனால் லேத்து தறி இல்லை. ஐப்பசி மழையில் அந்த மரங்கள் ஊறும்; சித்திரையில் காயும். மரம் நெளிந்தால் மேலே இருக்கிற லேத்தும் கண்ணுக்குத் தெரியாமல் முறுக்கிக்கொள்ளும். அப்புறம் எந்தக் கம்பியைக் கடைந்தாலும் ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் வரும். கண்ணால் பார்த்தால் தெரியாது. மைக்ரோமீட்டர் சொல்லும்.

மைக்ரோமீட்டர் என் கையில் இருந்தது. நீங்கள் கடைவீர்கள், நான் அளப்பேன். நான் படித்த கான்வெண்டில், தையல் வகுப்பில் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று அடிமட்டம் வைத்து எண்ணிப் பார்ப்பார்கள். குறைந்தால் பிரித்துவிட்டு மறுபடி தைக்க வேண்டும். அந்தக் கண்தான் உங்களுக்குப் பயன்பட்டது. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை நீங்கள் 'பாயிண்ட்' என்பீர்கள். "ஆறு பாயிண்ட் தடிப்பு" என்று நான் சொன்னால், கடப்பாரையால் லேத்தின் ஒரு காலைக் கொஞ்சம் தூக்கி, அடியில் காகிதத்தை மடித்துச் செருகுவீர்கள். பழைய கல்யாணப் பத்திரிகை, காலண்டர் தாள், கையில் எது கிடைத்தாலும். ஒவ்வொரு மழைக்கும் காகிதம் மாறும். "நல்லா கீதா கான்வெண்ட்டு? இப்ப பாரு" என்பீர்கள். நான் மறுபடி அளப்பேன்.

எனக்கு இது பொறுக்கவில்லை. இரும்பில் கனமாக ஒரு ஸ்டாண்டு செய்து, நின்றுகொண்டு வேலை செய்யுங்கள் என்று எத்தனையோ முறை சொன்னேன். "பார்க்கலாம்" என்றீர்கள். "உம்" என்றீர்கள். சில நாள் அதுவும் இல்லை. கான்வெண்டில் இன்னொரு வழக்கம் இருந்தது. குறை இருந்தால் எழுதிக் கொடுக்க வேண்டும். வாயால் சொன்னால் புலம்பல், எழுதினால்தான் புகார். எழுதிக் கொடுத்த புகாருக்கு எழுத்தில் பதில் வரும். அதனால் ஒருநாள் முழுத்தாளில் உங்களுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். ஸ்டாண்டு ஏன் வேண்டும், எந்த உயரம், எந்த இரும்பு, எல்லாம். கொட்டகைக்கு வந்து கையில் கொடுத்தேன்.

முழுவதும் படித்தீர்கள். ஒரு வரியில் விரல் வைத்துத் திரும்பவும் படித்தீர்கள். பிறகு அதை நாலாக மடித்து, லேத்தைத் தூக்கி, இடது பக்கப் பின்காலுக்கு அடியில் செருகிவிட்டு, "இப்ப அளந்து பாரு" என்றீர்கள்.

அளந்தேன். இரண்டு முனையும் சரியாக இருந்தன. அன்று முழுவதும் நான் உங்களோடு பேசவில்லை. நீங்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் சரவணன் சென்னையிலிருந்து வந்தான். சாப்பிட்டுவிட்டுக் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தான். நம் பிள்ளை சுற்றிப் பார்த்தால் ஏதோ முடிவு செய்துவிட்டான் என்று அர்த்தம்.

"கொட்டகை சும்மா கெடக்குதும்மா. ரெண்டு பவர்லூம் போட வாடகைக்குக் கேக்கறாங்க. லேத்துக்கும் வேலூர்ல ஒரு ஆளைப் பார்த்துட்டேன். நீங்க எங்களோட வந்துடுங்க."

"சும்மா கிடக்குன்னு யார் சொன்னா? நான் ஓட்டப்போறேன்."

"எப்படிம்மா ஓட்டுவீங்க? குழியில உட்கார முடியுமா உங்களால? தரையிலியே உட்காரக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிகினு இருக்கார்."

அவன் சொன்னதில் தவறில்லை. கடைசிக் காலத்தில் உங்கள் கை நடுங்கத் தொடங்கியபோது நான் குழியில் இறங்கினேன். நீங்கள் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து வாயால் கடைந்தீர்கள். நான் கையால் கடைந்தேன். தறிக்கு வேண்டிய நூலைத் தாராகச் சுற்றுகிறவர்களின் ராட்டையில் சுழலும் இரும்புக் கதிர்கள் எத்தனை அப்படிச் செய்து கொடுத்தோம்! இன்று என் முழங்கால்கள் அந்தக் குழியில் இறங்காது. இறங்கினால் ஏறாது. ஆனால் குழியில் இறங்க முடியவில்லை என்பதும் லேத்தை ஓட்ட முடியவில்லை என்பதும் ஒன்றில்லை. இந்த வித்தியாசத்தைத்தான் வாழ்நாள் முழுவதும் உங்களுக்குச் சொல்லிப் பார்த்தேன். இப்போது உங்கள் பிள்ளைக்கும் சொல்ல வேண்டியதாயிற்று.

சரவணன் கெட்டவன் இல்லை. சிரித்துக்கொண்டே ஒரு பந்தயம் வைத்தான். "சரிம்மா. மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை அந்த ஆளோட வரேன். அன்னிக்கு நீங்க நின்னுகினே ஒரு கதிர் கடைஞ்சி, அது ஆடாம சுத்திச்சின்னா லேத்து இங்கியே இருக்கட்டும். நீங்களும் இருங்க. ஆடிச்சின்னா நான் சொல்றபடி கேக்கணும்." ஒப்புக்கொண்டேன். அவன் வீட்டு ஹாலில் எனக்கு ஒரு நல்ல நாற்காலி இருக்கிறது. எதிரே பெரிய டிவி இருக்கிறது. மருமகள் வேளைக்குக் காபி கொடுப்பாள். அங்கே என்னிடம் யாரும் எதையும் அளக்கச் சொல்ல மாட்டார்கள்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் வெல்டிங் கடை வைத்திருக்கும் டில்லிபாபுவை வரவழைத்தேன். டேப்பை எடுத்துக்கொண்டு, "உயரம் இன்னா வைக்கலாம்மா? அய்யா உயரத்துக்கா?" என்று கேட்டான்.

"அய்யா உட்கார்ந்து வேலை செய்தார். ஓட்டப்போறது நான். என் முழங்கை உயரம்."

நேராக நின்று முழங்கையை மடித்தேன். கூச்சப்பட்டுக்கொண்டே தரையிலிருந்து முழங்கை வரை அளந்தான். லேத்தின் மையம் அந்த உயரத்தில் வர வேண்டும். அதிலிருந்து லேத்தின் உயரத்தைக் கழித்தால் ஸ்டாண்டு. அளவைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"சரவணன் அண்ணன் ஓட்டணும்னா குனியணுமேம்மா."

"குனியட்டும்."

கால்களுக்கு மெல்லிய ஆங்கிள் இரும்பே போதும் என்றான். கல்யாண மண்டபத்துத் தண்ணீர் டேங்கே ஆங்கிள்மேல்தான் நிற்கிறதாம். தண்ணீர் டேங்க் நடுங்காது, லேத்து நடுங்கும் என்றேன். கடைசியில் நான் சொன்ன கனத்தில் சேனல் இரும்பு வாங்கி வந்தான். கால்கள் கீழே போகப் போக அகன்று நிற்க வேண்டும், குறுக்குக் கம்பி இரண்டு பக்கமும் வேண்டும், மேலே தடிமனான தகடு வேண்டும். எல்லாம் நான் உங்களுக்கு எழுதிக் கொடுத்தவை. ஒன்றும் மறக்கவில்லை.

அடுத்தது குழி. கால்களைக் கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். கொட்டகைத் தரை மண்தரை. ஆழமாகத் தோண்டியிருந்த ஒரே இடம் தறிக்குழி. அதையே கொஞ்சம் நீளமாக்கி, செங்கல் ஜல்லி கொட்டி, கான்கிரீட் போடச் சொன்னேன். செய்தி எப்படிப் போனதோ, கலவை காய்வதற்குள் உங்கள் தங்கை வந்துவிட்டாள். உங்கள் வீட்டில் தறியை விற்றாலும் குழியை மூட மாட்டீர்கள். ஆயுத பூஜைக்கு அதில் விளக்கு வைப்பீர்கள். அது எனக்குத் தெரியாதா?

"எங்கப்பா கால் வச்ச குழி அண்ணி. மூடிட்டீங்களே!"

"உங்கப்பா கால் இருந்தது. உங்கண்ணன் கால் இருந்தது. என் கால் அதுக்குள்ள போகாது. ஸ்டாண்டோட கால் இருந்துட்டுப் போகட்டும்."

"இதெல்லாம்கூட கான்வெண்ட்டுல சொல்லிக் குடுத்தாங்களா?"

"இல்லை. இங்கே வந்து கத்துக்கிட்டேன்."

அவள் கண் கலங்கிவிட்டது. அழட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் கீழே கிடந்த அந்த இரண்டு தறிமரங்களையும் அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். "இதை விறகுக்குப் போட்டுடாதீங்க" என்றாள். வேண்டுமென்றால் எடுத்துப் போ என்றேன். சாயங்காலமே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள்.

அதற்கு முன்பே, குழியை நீளமாக்குவதற்காக அந்த மரங்களிலிருந்து லேத்தைச் செயின் பிளாக் போட்டுத் தூக்கியபோது நாலு காலுக்கு அடியிலும் உங்கள் காகிதங்கள் இருந்தன. மூன்றில் கல்யாணப் பத்திரிகையின் மஞ்சள் ஓரமோ காலண்டரின் எண்ணோ தெரிந்தது. இடது பக்கப் பின்காலில் இருந்தது என் விண்ணப்பம். எண்ணெய் குடித்துக் கறுத்து, தோல் போல இறுகியிருந்தது. எழுத்து ஒன்றும் தெரியவில்லை. டில்லி குப்பையில் போடக் கையை நீட்டினான். "இப்படிக் கொடு" என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஸ்டாண்டு நின்றது, அதன்மேல் லேத்து ஏறியது. பூஜை போடாமல் சுவிட்ச் போடக்கூடாது என்று டில்லி பிடிவாதம் பிடித்தான். தேங்காய், எலுமிச்சம்பழம் எல்லாம் அவனே வாங்கி வந்திருந்தான். உங்கள் தங்கை அன்றும் வந்திருந்தாள். குங்குமச் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "பக்கத்து வீட்டுல யாராவது சுமங்கலியைக் கூப்பிடலாமா அண்ணி? பொட்டு வைக்கத்தான்."

"ஓட்டப்போறது யாரு?"

"நீங்கதான்."

"அப்போ நான்தான் வைப்பேன்."

சிமிழை வாங்கினேன். மோட்டாருக்கு ஒன்று, லேத்துக்கு ஒன்று, ஸ்டாண்டின் நாலு காலுக்கும் ஒவ்வொன்று வைத்தேன். டில்லி தேங்காயை உடைத்தான், நன்றாக உடைந்தது. உடையாவிட்டாலும் நான் சுவிட்ச் போட்டிருப்பேன்.

இனி நீங்கள் சிரிக்கப்போகும் இடம். ஒரு தடித்த கம்பியை மாட்டி, இரண்டு முனையிலும் லேசாக ஒரு சீவு சீவி அளந்தேன். ஒரு முனை எட்டு பாயிண்ட் தடிப்பு! உங்கள் மரத்தைவிட மோசம். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

"என் வேலையில குத்தம் சொல்றீங்களாம்மா?" டில்லிக்கு முகம் சுருங்கிவிட்டது. "இதுமேல யானையே நிக்கும்."

"யானைக்கு எட்டு பாயிண்ட் தெரியாது டில்லி. லேத்துக்குத் தெரியும். போல்ட்டை எப்படி இறுக்கினே?"

"ஸ்பேனர்ல பைப்பை மாட்டி, பலமா இறுக்கினேன்."

அதுதான். வெல்டிங் சூட்டில் மேல்தகடு ஒரு மூலையில் தலைமுடி அளவுக்கு இறங்கியிருந்தது. அதைப் பார்க்காமல் பலம் கொண்ட மட்டும் போல்ட்டை இறுக்கியதும், லேத்து அந்த மூலைக்கு வளைந்து முறுக்கிக்கொண்டது. ஸ்டாண்டு எவ்வளவு பலமோ அவ்வளவு பலமாக முறுக்கியது. மரம் மழையில் செய்ததை இரும்பு ஒரு நொடியில் செய்துவிட்டது. உங்கள் தங்கை ஓரமாக நின்று, "அண்ணன் சரியாத்தான் வச்சிருந்தார்" என்றாள். திரும்பிப் பார்க்காமல், "அண்ணன் மழைக்கு மழை காகிதம் மாத்தினார்" என்றேன்.

நாலு போல்ட்டையும் தளர்த்தச் சொன்னேன். தளர்ந்ததும் லேத்து தானாக நிமிர்ந்தது. ஒரு காலுக்கு அடியில் மட்டும் மெல்லிய வெளிச்சம் தெரிந்தது.

"அட்டை ஏதாச்சும் மடிச்சி வைக்கலாமாம்மா? அய்யா அப்பிடித்தானே…"

"காகிதம் அமுங்கும். வேண்டாம்."

மெல்லியதாக, ஒரே தடிமனாக, அமுங்காததாக ஒன்று வேண்டும். கொட்டகைச் சுவரைப் பார்த்தேன். உங்கள் அப்பாவின் தறியிலிருந்து கழற்றிய அச்சு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பாவிழைகளைப் பிரித்து நிறுத்துகிற அந்தச் சீப்பில் நூற்றுக்கணக்கான எஃகுப் பற்கள். ஒன்றுக்கொன்று தடிமனில் வித்தியாசம் இருந்தால் பட்டில் கோடு விழும், அதனால் வித்தியாசமே இருக்காது. இடுக்கியால் சில பற்களை உருவி ஒன்றை அளந்தேன், இன்னொன்றை அளந்தேன். ஒரே அளவு. அந்தக் காலுக்கு அடியில் பக்கத்தில் பக்கத்தில் நெருக்கமாக அடுக்கினேன்; இடைவெளிக்கு இறுக்கமாகப் பொருந்தின. போல்ட்டை நானே இறுக்கினேன், பைப் இல்லாமல், நாலையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக. மறுபடி சீவினேன். மறுபடி அளந்தேன். டில்லி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாம்மா?"

"ஒண்ணும் இல்லை. ரெண்டு முனையும் ஒண்ணுதான்."

"பேஜார் பண்ணிட்டீங்கம்மா" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சரவணன் வந்தான், வேலூர் ஆளோடு. நான் அடுத்த தெரு மல்லிகாவை வரச் சொல்லியிருந்தேன். மோட்டார் ராட்டையில் தார் சுற்றிப் பிழைக்கிறவள். கதிர் வளைந்துபோய் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது என்று இரண்டு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தாள். ராட்டையையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். நான் நின்றேன். புடவைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைந்தேன். சுருள் சுருளாக இரும்பு கழன்று விழுந்தது. குழியில் கால் இல்லை. கை நின்றது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: குழியில் கால் இல்லாமலே கை நின்றது.

மல்லிகா கதிரை ராட்டையில் மாட்டி சுவிட்ச் போட்டாள். எல்லோரும் குனிந்தார்கள்.

"சுத்துதா, நிக்குதான்னே தெரியலை பெரிம்மா!" என்றாள். பட்டிழையைக் கோத்து ஒரு தார் முழுக்கச் சுற்றிப் பார்த்தாள். அறவில்லை.

வேலூர் ஆள் என்னைப் பார்த்தார், லேத்தைப் பார்த்தார், ஸ்டாண்டைக் காலால் ஒரு முறை உதைத்துப் பார்த்தார். "சார், இது விக்கிற மிஷின் இல்லை. எனக்கு ஒரு டீ மட்டும் சொல்லுங்க, கிளம்பறேன்" என்றார். சரவணன் லேத்தின் முன்னால் நின்று கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தான். முதுகு வளைந்தது.

"ரொம்பத் தாழ்வா வச்சிட்டீங்கம்மா."

"எனக்குச் சரியா இருக்கு."

அவன் சிரித்தான். உங்கள் சிரிப்புதான், சத்தம் வராத சிரிப்பு. பவர்லூம்காரர்களிடம் இடம் இல்லை என்று அன்றே போனில் சொல்லிவிட்டான். ஆக, சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன். இதைத் தெரிவிக்கத்தான் எழுத ஆரம்பித்தேன்.

ஒன்றுதான் பாக்கி. அந்த விண்ணப்பத்தை மைக்ரோமீட்டர் பெட்டியில் வைத்திருக்கிறேன். மைக்ரோமீட்டரை எடுக்கும்போதெல்லாம் அதுவும் கையோடு வருகிறது. மற்ற மூன்று காலிலும் மழைக்கு மழை காகிதத்தை மாற்றினீர்கள். பக்கத்தில் நின்று அளந்தவள் நான், எனக்குத் தெரியும். மரம் ஊறினாலும் காய்ந்தாலும் அந்த மூன்றைத்தான் கூட்டினீர்கள், குறைத்தீர்கள். என் தாளை மட்டும் ஒருமுறைகூட வெளியே எடுக்கவில்லை. கடைசி வரைக்கும் அதற்கேற்ப மற்றதையெல்லாம் சரிசெய்துகொண்டே இருந்தீர்கள். லேத்தைத் தூக்கிய அன்றுதான் இதை யோசித்துப் பார்த்தேன்.

உங்கள் தங்கையிடம் சொன்னால், "அண்ணனுக்கு உங்க மேல அவ்ளோ பிரியம்" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள். சரவணன், "அப்பா மறந்திருப்பார்" என்பான். நான் ஊகிக்க மாட்டேன். ஊகத்தை நான் எப்போதும் அளவாக எடுத்துக்கொண்டதில்லை. அது பதிலா, சோம்பலா, வேறு ஏதாவதா என்று உங்களுக்குத்தான் தெரியும். "உம்" போதாது. "பார்க்கலாம்" போதாது. இந்த ஸ்டாண்டில் முட்டுக் கொடுக்கக் காகிதம் தேவைப்படாது; அதனால் எழுதுகிற தாளை வேறு எதற்கும் பயன்படுத்த வேண்டிய அவசியமும் உங்களுக்கு இல்லை.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள்.